முதல்நூலும் வழிநூலும்: ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ விளையாட்டின் மறுபதிப்பைப் பற்றிய ஒரு வாதத்தின் ஆய்வு

1.0 முன்னுரை

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் துப்பாக்கியால் சுடும் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், நம் மாணவர்கள் தமிழில் அதிகம் வாதிட்டது எங்கே என்று என்னைக் கேட்டால், பட்டிமன்ற மேடையில் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சைபர் கஃபேக்களில்தான் என்பேன். பட்டிமன்றத்தில் தலைப்பை வேறொருவர் கொடுப்பார்; எந்த அணியில் பேசுவது என்பதையும் அவரே முடிவு செய்வார். சைபர் கஃபேயிலோ தலைப்பு எங்களுடையது. அணியும் நாங்களே தேர்ந்தெடுத்தது. தோற்றால் உண்மையாகவே வலித்தது.

2004ஆம் ஆண்டின் இறுதியில் ‘கவுண்டர்-ஸ்டிரைக்: சோர்ஸ்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. அது பழைய ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ விளையாட்டின் புதிய வடிவம். அது நல்லதா, பழையதே போதுமா என்ற கேள்வி கிள்ளான் பள்ளத்தாக்கில் என்னோடு விளையாடிய பலரை இரண்டு அணிகளாகப் பிரித்தது. அந்த வாதத்தில் நானும் ஒருவன். என் பக்கமே சரி என்று பல மாதங்கள் பேசினேன். இன்று திரும்பிப் பார்க்கையில், எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதையே நாங்கள் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றுகிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவை நம் இலக்கண நூல்களே. அவ்வனுபவத்தைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது கருத்துக்கணிப்பு அன்று. விளையாடிய ஒருவனின் நினைவும், பின்னாளில் அவன் செய்துகொண்ட ஆய்வும் ஆகும்.

2.0 விளையாட்டும் அதன் பதிப்புகளும்

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சுருக்கமான அறிமுகம் தேவைப்படுகிறது. 1998இல் வால்வ் நிறுவனம் ‘ஹாஃப்-லைஃப்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன்மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் தாங்களாகவே ஒரு மாற்று விளையாட்டை உருவாக்கி, 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதன் முன்னோட்ட வடிவத்தை இலவசமாக வெளியிட்டனர். மின் லீ வியட்நாமிய வம்சாவளியைச் சேர்ந்த கனடா நாட்டவர். இரசிகர்களிடமிருந்து பிறந்த இவ்விளையாட்டைப் பின்னர் வால்வ் நிறுவனமே ஏற்று 2000ஆம் ஆண்டு நவம்பரில் கடைகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விதிகள் எளியவை. போட்டிகளில் ஓர் அணிக்கு ஐவர். ஓர் அணி வெடிகுண்டு வைக்கும். மற்றோர் அணி அதைத் தடுக்கும். தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் 800 டாலர். வென்றால் பணம் கூடும். ஆனால் 16,000க்கு மேல் போகாது. 2,500 டாலருக்கு ஏகே-47 வாங்கலாம். 4,750 டாலருக்குத் தொலைநோக்கியுடன் கூடிய ஏ.டபிள்யூ.பி. வாங்கலாம். செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை எழ முடியாது. பக்கத்து நாற்காலிக்காரன் விளையாடுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தக் காத்திருப்பே எங்களைப் பேச வைத்தது என்றால் அது மிகையாகாது.

பதிப்புகளின் வரிசையையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் 1.6 வெளிவந்தது. அதனுடன் ‘ஸ்டீம்’ என்னும் இணையச் சேவையும் வந்தது. 2004ஆம் ஆண்டு மார்ச்சில் ‘கண்டிஷன் ஸீரோ’ வந்தது. தனியாக ஆடுவதற்குரிய பணிகளும், கணினியே இயக்கும் எதிரிகளும் அதன் புதுமைகள். அதே ஆண்டு நவம்பரில் ‘சோர்ஸ்’ வந்தது. ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டுக்கென உருவாக்கப்பட்ட புதிய இயக்குபொறியில் பழைய விளையாட்டு மீண்டும் கட்டப்பட்டிருந்தது.

ஆக, பதினான்கு மாதங்களுக்குள் ஒரே விளையாட்டின் மூன்று வடிவங்கள் எங்கள் மேசைமேல் இருந்தன. சண்டை வராமல் என்ன செய்யும்?

3.0 பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும்

வாதம் நடந்த இடத்தைச் சொல்லாமல் வாதத்தைச் சொல்ல இயலாது. நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய கடைவீடு ஒன்றின் மாடியில் ஒரு சைபர் கஃபே இருந்தது. நாங்கள் அதைச் ‘சி.சி.’ என்று சுருக்கமாகச் சொல்வோம். கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டிருந்தது. 2003இல் மோனோரயிலும் வந்துவிட்டது. எந்தத் திசையிலிருந்தும் வந்து சேர வசதியான இடம். கடையின் தவுக்கே அப்போதுதான் கணினிகளைப் புதிதாக மாற்றியிருந்தார். மணிக்கு 3 ரிங்கிட்.

எங்கள் அணியில் ஐவர். நால்வர் பல்கலைக்கழக மாணவர்கள். ஐந்தாமவர் கிள்ளானைச் சேர்ந்தவர்; எங்களைவிட இரண்டு வயது மூத்தவர்; நாங்கள் எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்றே அழைப்போம். படிப்பை ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்கு அருகில் ஒரு பழைய சி.சி.யில் விளையாடிப் பழகியவர். அங்கு மணிக்கு 2 ரிங்கிட். சனிக்கிழமைகளில் கொம்யூட்டர் இரயில் ஏறி எங்களிடம் வருவார். ஏ.டபிள்யூ.பி. அவர் கையில் இருந்தால் நடுவாசல் பக்கம் எதிரணி தலைகாட்டாது.

அங்கே பேசிய தமிழையும் பதிவு செய்ய வேண்டும். “அண்ணே, ரெண்டு பேரு லாங்ல வர்றானுங்க”, “பாம் வச்சிட்டான் டா”, “நான் மாத்தி” என்று தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் வரும். ‘மாத்தி’ என்பது இறந்துவிட்டேன் என்பதற்கான மலாய்ச் சொல். தூய தமிழன்று, ஆனால் அவசரத்தில் வாயில் வந்த மொழியில் எலும்புக்கூடு தமிழாகவே இருந்தது. வினைமுற்றும் விளியும் தமிழ். பொருட்பெயர்கள் மட்டும் இரவல்.

4.0 இரு தரப்பு வாதங்கள்

4.1 புதியதை ஆதரித்தவர்கள்

நான் இந்தத் தரப்பில் இருந்தேன். எங்கள் வாதங்கள் மூன்று.

முதலாவது, காட்சி. பழைய விளையாட்டில் சுவர் என்பது ஒரு படம் ஒட்டிய பலகை. புதியதில் ஒளியும் நிழலும் இருந்தன. இரண்டாவது, பொருள்களின் இயல்பு. சுட்டால் பீப்பாய் உருண்டது; புட்டி உடைந்து சிதறியது. மூன்றாவது, நேர்மை. பழைய விளையாட்டில் குறி சரியாக இருந்தும் குண்டு படாமல் போனதாகப் பலமுறை நாங்கள் கத்தியிருக்கிறோம். புதியதில் சுட்டால் படுகிறது என்பது எங்கள் கட்சி. மேலும், 1.6இல் சேர்க்கப்பட்டுப் போட்டிகளில் பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட கேடயம் புதியதில் நீக்கப்பட்டிருந்ததையும் நாங்கள் சுட்டிக் காட்டினோம்.

4.2 பழையதைக் காத்தவர்கள்

அண்ணன் இந்தத் தரப்பின் தலைவர். அவருடைய வாதங்களும் மூன்றே.

முதலாவது, கையின் நினைவு. துப்பாக்கி சுடும்போது மேலே உதைத்து ஏறும். எத்தனையாவது குண்டில் எவ்வளவு ஏறும், சுட்டியை எவ்வளவு கீழே இழுக்க வேண்டும் என்பதைப் பழைய ஆட்டக்காரர்களின் கை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. புதியதில் அந்தக் கணக்கு மாறிவிட்டது. இரண்டாவது, சுவர். பழையதில் கதவுக்கும் மரப்பெட்டிக்கும் மெல்லிய சுவருக்கும் பின்னால் ஒளிந்திருப்பவனை ஊகித்துச் சுட்டு வீழ்த்தலாம். புதியதில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊகிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வேறுபாடும் அதனால் குறைந்தது. மூன்றாவது, தெளிவு. பழையதில் எதிரி மட்டுமே அசைவான். ஆகவே அசைவது எதுவோ அது எதிரி. புதியதில் பீப்பாயும் அசைந்தது.

“கண்ணுக்கு அழகா இருந்தா போதுமா? கைக்கு வரணும்டா” என்பார் அவர்.

4.3 இருவரும் மறந்த ஒன்று

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். 1.6ஐ உயிராகக் காத்த பலர் அதற்கு முந்தைய ஆண்டு அதே 1.6ஐத் திட்டித் தீர்த்தவர்கள். 1.5தான் உண்மையான விளையாட்டு, ‘ஸ்டீம்’ கணினியை மந்தமாக்குகிறது, புதிய துப்பாக்கிகள் தேவையில்லை என்றெல்லாம் சொன்னார்கள். 2004ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் பழைய இணைய வலையமைப்பு மூடப்பட்ட பிறகே பலர் வேறு வழியின்றி 1.6க்கு மாறினர். நான்கு மாதங்களில் அது ‘பாரம்பரியம்’ ஆகிவிட்டது! பழையது என்று நாம் போற்றுவதும் ஒருநாள் புதியது என்று ஏசப்பட்டதே என்பதை இருதரப்பாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

5.0 இலக்கண நூல்கள் தரும் அளவுகோல்

மூன்றாம் ஆண்டில் இலக்கண வகுப்பில் நன்னூல் பாயிரம் படித்தபோதுதான் எனக்கு ஒரு பொறி தட்டியது. ஒரு படைப்பைத் தொடர்ந்து மற்றொரு படைப்பு வருவதைப் பற்றி நம் முன்னோர் நூற்றாண்டுகளுக்கு முன்பே சிந்தித்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் சார்புநூல் என்பதையும் சேர்த்து மூன்றாக்குகிறது.

வழிநூலுக்கு நன்னூல் விதிக்கும் நிபந்தனைகளை என் சொற்களில் சொன்னால் இவ்வாறு அமையும்: முன்னோர் நூலின் முடிபோடு அது முழுமையாக ஒத்திருக்க வேண்டும், பின்னால் வந்தவன் விரும்பும் வேறுபாடும் அதில் இருக்க வேண்டும், மரபு அழியக்கூடாது. ஒத்துப்போவது மட்டும் போதாது. வேறுபடவும் வேண்டும் என்பதைக் கவனிக்க. வேறுபாடே இல்லையென்றால் அது படி எடுத்தல், வழிநூல் அன்று.

இந்த அளவுகோலைச் ‘சோர்ஸ்’ மீது வைத்துப் பார்ப்போம். முடிபு ஒத்திருக்கிறதா? ஒத்திருக்கிறது. ஐவர் அணி, பணம், வெடிகுண்டு, செத்தால் காத்திருத்தல் ஆகிய எதுவும் மாறவில்லை. வேறுபாடு இருக்கிறதா? காட்சியிலும் பொருள்களின் இயல்பிலும் இருக்கிறது. மரபு அழியாமல் இருக்கிறதா? இங்கேதான் சிக்கல். மரபு எது என்பதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. என்னைப் பொறுத்தவரை மரபு என்பது விதிகள். அண்ணனைப் பொறுத்தவரை மரபு என்பது கை. பல ஆண்டுகள், ஆயிரக்கணக்கான சுற்றுகள், தூக்கம் கெட்ட இரவுகள் ஆகியவற்றின் வட்டியும் முதலும் அந்தக் கையில்தான் இருந்தன. விதி மாறாமலேயே அந்தச் சேமிப்பு கரைந்துபோனது.

தொல்காப்பியம் இன்னும் ஒருபடி மேலே போய் வழிநூலை நான்கு வகையாக்குகிறது: விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், இரண்டையும் கலந்து செய்தல், மொழிபெயர்த்தல். இந்த நான்கும் நம் வாதத்துக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பாருங்கள். ‘கண்டிஷன் ஸீரோ’ விரித்தல் வகை. பழைய பொறியிலேயே தனி ஆட்டப் பணிகளைச் சேர்த்து விரித்தது. ‘சோர்ஸ்’ மொழிபெயர்ப்பு வகை. ஒரு பொறியில் இருந்ததை வேறொரு பொறிக்குக் கொண்டுசென்றது. எடுத்துக்காட்டாக, டேவ் ஜான்ஸ்டன் 2001இல் உருவாக்கிய ‘டஸ்ட் 2’ என்னும் புகழ்பெற்ற களத்தை எடுத்துக்கொள்வோம். அதே வாசல், அதே சந்து, அதே சுரங்கப்பாதை. ஆனால் ஒவ்வொரு கல்லும் புதிதாக வரையப்பட்டது.

மொழிபெயர்ப்பைப் பற்றி நாம் அறிந்த எல்லாம் இங்கே பொருந்தும். பொருள் வந்துவிடும், ஓசை வராது. மூலத்தை அறியாதவனுக்கு மொழிபெயர்ப்பே மூலம். அவனுக்குக் குறை தெரியாது. மூலத்தை மனப்பாடமாக அறிந்தவனுக்கு ஒவ்வோர் அடியிலும் இடறும். ‘சோர்ஸ்’ விளையாட்டில் தொடங்கிய தம்பிகள் அதை விரும்பியதற்கும், 1.6இல் ஊறிய அண்ணன்மார் அதை வெறுத்ததற்கும் காரணம் இரசனைக் கோளாறு அன்று. அவர்கள் ஒரே நூலைப் படிக்கவில்லை என்பதே உண்மை.

6.0 சொல்லப்படாத காரணம்

இனி நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

2005ஆம் ஆண்டின் நடுவில் ஒரு மாணவர் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. வெளியாள் ஒருவரையும் அணியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தார்கள். 1.6, ‘சோர்ஸ்’ இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஓர் அணி ஒன்றில் மட்டுமே ஆடலாம். நான் ‘சோர்ஸ்’ என்றேன். அண்ணன் 1.6 என்றார். சனிக்கிழமை மாலை, கடை நிறைய ஆட்கள். வாதம் முற்றியது. என் கையில் எல்லாத் தருக்கமும் இருந்தது. கடைசியில் நான் சொன்னேன்: “அண்ணே, உங்களுக்குப் புதுசுன்னாலே பயம். கத்துக்க சோம்பல். அதுக்குப் பேரு பாரம்பரியம் இல்ல.”

கடையில் சிரிப்பு எழுந்தது. அவர் பதில் சொல்லவில்லை. “சரி தம்பி, நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். நான்கு பேர் வாக்களித்தோம், ‘சோர்ஸ்’ வென்றது. வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு ஆடினோம். முதல் சுற்றிலேயே தோற்றோம். அவர் அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸ் வரவில்லை.

ஓராண்டுக்குப் பிறகு வேறு வேலையாகக் கிள்ளான் போயிருந்தபோது அவர் விளையாடிப் பழகிய அந்தக் கடையைத் தேடிப் போனேன். அவர் அங்கே இல்லை. ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தேன். ‘சோர்ஸ்’ ஒரேயொரு கணினியில் மட்டும் இருந்தது. திறந்தேன். படம் நகரவில்லை, விட்டுவிட்டு நழுவியது. எதிரி வாசலில் தெரிவான். அடுத்த நொடி நான் செத்திருப்பேன். இடையில் நடந்ததை அந்தக் கணினி எனக்குக் காட்டவே இல்லை. அதே கணினியில் 1.6ஐத் திறந்தேன். தண்ணீர்போல ஓடியது.

அப்போதுதான் புரிந்தது. அவர் புதியதுக்குப் பயப்படவில்லை. அவர் வார நாள்களில் பயிற்சி செய்யக்கூடிய ஒரே கடையில் புதியது ஓடவில்லை. ‘சோர்ஸ்’ பழக வேண்டுமென்றால் வேலை முடிந்து இரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் வரவேண்டும். பயணச் செலவு வேறு, மணிக்கு 3 ரிங்கிட் வேறு. நாங்கள் நால்வரும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தோம். கை, சுவர், பீப்பாய் என்று அவர் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. அவை உண்மையானவை, அவற்றை இன்றும் நான் ஏற்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடியில் இருந்த காரணத்தை அவரால் பத்துப் பேர் முன்னிலையில் சொல்ல முடியாது. என்னிடம் வசதி இல்லை என்பதை எந்த மனிதனும் ஒரு வாதத்தின் நடுவில் சான்றாக வைக்கமாட்டான். நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். அல்லது ஒருமுறையாவது கிள்ளானுக்கு இரயில் ஏறியிருக்க வேண்டும்.

நன்னூல் ஆசிரியர் கருத்தை நிறுவும் முறைகளை எழுவகை மதம் என்று கூறுகிறது. பிறருடைய நூலில் குற்றம் காட்டுவது அவற்றுள் ஒன்று. பிறருடைய கருத்தை முதலில் தானே மேற்கொண்டு, பிறகு அதை விலக்குவது மற்றொன்று. நாங்கள் முதலாவதை மட்டுமே செய்தோம். இரண்டாவதைச் செய்ய வேண்டுமானால் எதிராளியின் நாற்காலியில் சிறிது நேரம் உட்கார வேண்டும். எங்கள் வாதத்தில் அது உவமை கூட அன்று. உண்மையிலேயே ஒரு நாற்காலி, ஒரு கணினி, 2 ரிங்கிட்.

7.0 உலக அரங்கில் இதே வாதம்

இந்தப் பிளவு கிள்ளான் பள்ளத்தாக்கோடு நிற்கவில்லை. உலகக் கணினி விளையாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தபோது ‘கண்டிஷன் ஸீரோ’ களமானது. 2005இல் நம் பக்கத்து நாடான சிங்கப்பூரில் நடந்தபோது ‘சோர்ஸ்’ பயன்படுத்தப்பட்டது. 2006இல் இத்தாலியின் மோன்சா நகரில் மீண்டும் 1.6க்கே திரும்பினார்கள். மூன்று ஆண்டுகள், மூன்று பதிப்புகள்! ஏற்பாட்டாளர்களுக்கே முடிவெடுக்க முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தொலைக்காட்சி நிறுவனங்கள் வேறு கணக்குப் போட்டன. 2007இல் தொடங்கிய ‘சாம்பியன்ஷிப் கேமிங் சீரிஸ்’ என்னும் தொழில்முறைத் தொடர், பார்வைக்கு அழகானது வேண்டும் என்பதால் ‘சோர்ஸ்’ பக்கம் சாய்ந்தது. உலக நகரங்களின் பெயரில் அணிகள் அமைக்கப்பட்டன. நம் தலைநகரின் பெயரிலும் ‘கோலாலம்பூர் தாவ்ஃபான்’ என்றோர் அணி இருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்த அத்தொடர் 2008ஆம் ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 1.6ஐ விட்டுவிட்டு அங்கே போனவர்கள் திரும்பி வந்தபோது இரண்டு முகாம்களுக்கும் இடையில் நின்றார்கள்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘குளோபல் ஓஃபென்சிவ்’ வந்த பிறகே பிளவு மெல்ல ஆறியது. தொடக்கத்தில் அதையும் இருசாராரும் ஏசினார்கள். ஆனால் அது தொடர்ந்து திருத்தப்பட்டது. இரு முகாம்களிலிருந்தும் ஆட்டக்காரர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். தொல்காப்பியர் சொன்ன வகையில் வைத்தால் அதைத் தொகுத்தலும் விரித்தலும் கலந்த வழிநூல் எனலாம்.

8.0 2023இல் மீண்டும்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ‘கவுண்டர்-ஸ்டிரைக் 2’ வெளிவந்தது. மீண்டும் ஒரு புதிய இயக்குபொறி, மீண்டும் மொழிபெயர்ப்பு. புகைக்குண்டின் புகை இப்போது இடத்தை நிரப்பிப் பரவுகிறது. துப்பாக்கிச் சூட்டால் அதில் சற்று நேரம் துளை விழுகிறது. போட்டியில் 16 சுற்றுகள் வெல்ல வேண்டிய இடத்தில் 13 போதும் என்றாக்கினார்கள். பழைய ஆட்டமுறைகள் சில தொடக்கத்தில் இல்லை. துப்பாக்கியை இடக்கையில் பிடிக்கும் வசதி 2024ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் திரும்பி வந்தது.

இன்றைய மாணவர்கள் இதைப் பற்றி வாதிடுவதைக் கேட்கிறேன். கை, தெளிவு, அழகு என்று அதே சொற்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 2004இல் வழிநூல் வந்தபோது முதல்நூல் அலமாரியிலேயே இருந்தது. ‘சோர்ஸ்’ பிடிக்காதவர் 1.6க்குத் திரும்பலாம், 1.6 இன்றும் விற்பனையில் இருக்கிறது, ஆடுவோரும் இருக்கிறார்கள். 2023இல் வழிநூல், முதல்நூல் இருந்த இடத்திலேயே வைக்கப்பட்டது. பழைய பதிப்பை இறக்கிக்கொள்ள ஒரு வழியை விட்டுவைத்தாலும், நிறுவனத்தின் சொந்தப் போட்டிச் சேவை அதற்கு இல்லை.

சிலப்பதிகாரத்தின் கதையைத் தொடர்ந்து மணிமேகலை எழுந்தது. இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்று சேர்த்தே போற்றுகிறோம். இரண்டில் எது உயர்ந்தது என்று நாம் இன்றும் வாதிட முடிவதற்குக் காரணம், இரண்டும் நம் கையில் இருப்பதே. மணிமேகலை வந்த அன்றே சிலம்பின் ஏடுகளை மாற்றி எடுத்துப் போயிருந்தால் வாதம் ஏது? ஆகவே, புதியது நல்லதா என்னும் கேள்வியோடு, பழையதை வைத்திருக்க நமக்கு உரிமை உண்டா என்னும் கேள்வியையும் இன்றைய தம்பி தங்கைகள் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

9.0 முடிவுரை

பழையது கழிவதும் புதியது புகுவதும் காலத்தின் இயல்பு; அது குற்றமன்று என்று சொன்னதும் நன்னூலே. அதே நன்னூல்தான் வழிநூலில் மரபு அழியக்கூடாது என்றும் சொன்னது. இவ்விரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே நூலில் சொல்லியிருப்பதே நமக்குப் பாடம். ‘சோர்ஸ்’ நல்ல விளையாட்டா என்று இன்று என்னைக் கேட்டால், நல்ல விளையாட்டு என்பேன். 1.6க்கு அது நல்ல வாரிசா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன். இவை இரண்டு கேள்விகள். அவற்றை ஒன்றாக்கியதே நாங்கள் செய்த முதல் பிழை.

ஒரு வழிநூலைப் பற்றி வாதிடப் புகும் மாணவர்கள், அது விளையாட்டாயினும் திரைப்படமாயினும் நாவலாயினும், நான்கு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்வது நலம். எதை மரபு என்று நான் கருதுகிறேன்? எதிரில் இருப்பவர் எதை மரபு என்று கருதுகிறார்? நாங்கள் இருவரும் ஒரே படைப்பை ஒரே வசதியோடு பார்த்தோமா? அவர் சொல்லாமல் விட்ட காரணம் ஏதேனும் உண்டா? நான்காவது கேள்விக்கு மேடையில் விடை கிடைக்காது. அதற்குச் சற்று நடக்க வேண்டும்.

அண்ணனைச் சில ஆண்டுகளுக்குப் பின் கிள்ளான் இரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்தேன். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தக் கடையில் ‘சோர்ஸ்’ ஆடிப் பார்த்ததைச் சொன்னேன். அன்று நான் பேசியது தவறு என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். “எத்தன ரவுண்டு தாங்குன?” என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். “அதான் சொன்னேன், கைக்கு வரணும்னு” என்று சொல்லி என் தோளைத் தட்டினார். இரயில் வந்தது.